தள்ளும்போது சேவல் எங்கே இருந்தது?

பதுளையில் கொட்டாவியைக்கூடச் சட்டப்படி விட்ட மனிதர் ஒருவர் உண்டென்றால் அது எங்கள் துபாசி ஐயாதான். ரயில் இன்னும் பதுளைக்கு வராத காலம். கோர்ட்டில் தோட்டத்து ஆட்கள் சொல்வதை நீதவான் துரைக்கு இங்கிலீஷில் சொல்வது அவர் உத்தியோகம். சொந்தப் பெயர் என்னவென்று அவர் வீட்டை ஒட்டிக் கடை வைத்திருந்த எனக்கே தெரியாது.

உலகத்தில் நடப்பதெல்லாம் அவருக்குக் களவு அல்லது கொள்ளை. பூனை என் கருவாட்டைச் சத்தமில்லாமல் தூக்கினால் களவு. என்னைப் பிறாண்டிவிட்டுத் தூக்கினால் கொள்ளை.

"எடுத்ததக் கொண்டு போறதுக்காக அடிச்சாலும், மறிச்சாலும், பயங்காட்டினாலும் கொள்ளைங்க. பத்து வருஷம்! அதையே பொழுது சாஞ்சு விடியறதுக்குள்ள ரோட்டுல செஞ்சா பதினாலு!" என்பார்.

ஒருமுறை நாவிதர் இவர் கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டே, "ஒரு சுருட்டு குடுங்களேன்" என்று கேட்டுத் தொலைத்தார். பாதிச் சவரத்தோடு எழுந்து வந்த ஐயா, அன்று முதல் தாடிதான்.

தாடி தவிர அவர் வளர்த்தது ஒரு கறுப்புச் சேவல். தினமும் தன் தோசையில் பாதியை அதற்குப் பிய்த்துப் போடுவார். ஒருநாள் விடியுமுன் நான் கடை திறக்கும்போது, தோட்டத்து ஆள் ஒருவன் அந்தச் சேவலோடு ரோட்டில் ஓடினான். ஐயா பாய்ந்து மறித்தார். அவன் தள்ளிய தள்ளில் ரோட்டோரச் சாக்கடைக் கானுக்குள் விழுந்தார். விழுந்தவர் 'ஐயோ' என்று கத்தவில்லை.

"இன்னும் விடியல, எல்லாரும் பாத்துக்கங்க! பதினாலு!"

ஆளைப் பிடித்துவிட்டார்கள். கொள்ளை வழக்கு. அன்றைக்கு வேறு துபாசி கிடைக்காததால், கொள்ளை கொடுத்தவரே கொள்ளையனுக்கும் துபாசி.

"ஸ்டோரு ரோதையில எம் பொஞ்சாதி கை மாட்டிக்கிச்சுங்க. பொழச்சா ரோதமுனிக்குக் கறுப்புச் சேவல் அறுக்கறேன்னு நேந்துக்கிட்டேன். பொழச்சுட்டா. எங்க லயத்து வீடுகள்ல உள்ள சேவல் எல்லாம் செவப்பு" என்றான் அவன். தேயிலை ஆலையின் பெரிய சக்கரத்தில் குடியிருக்கும் சாமி ரோதமுனி.

எதிரி, அதாவது குற்றஞ்சாட்டப்பட்டவன், பேசுவதைத் துபாசி 'நான்' என்றே சொல்ல வேண்டும், அது கோர்ட்டு முறை. என் பெண்டாட்டி, நான் நேர்ந்துகொண்டேன், நான் எடுத்தேன் என்று இங்கிலீஷில் சொல்லி வந்தவர், 'என் பெண்டாட்டி கை' என்பதை மட்டும் இரண்டு முறை சொன்னார்.

தள்ளும்போது சேவல் அவன் கையில் இருந்ததா என்று நீதவான் ஐயாவைக் கேட்டார். இருந்தால் கொள்ளை. கீழே விட்டுவிட்டுத் தப்புவதற்காகத் தள்ளியிருந்தால் வெறும் களவும் அடிதடியும்தான்.

ஐயா தாடியைத் தடவினார். "இல்லீங்க தொரை. கீழ விட்டுட்டுத்தான் தள்ளினான்" என்று தமிழில் சொல்லி, பழக்க தோஷத்தில் தன்னையே மொழிபெயர்த்தும் கொண்டார். பதினாலு வருஷம் சில மாதங்களாகச் சுருங்கியது.

வழக்குப் பார்க்கப் போயிருந்த நான் திரும்பும்போது கேட்டேன். "ஐயா, சேவல் அவன் கக்கத்துல தானே இருந்துச்சு? நான் பாத்தேனே!"

"நான் கானுக்குள்ள கெடந்தேங்க. எனக்கு எப்படித் தெரியும்?"

மறுநாள் அந்தச் சேவலை வண்டியில் ஏற்றி அவரே தோட்டத்துக்கு அனுப்பிவைத்தார். அவர் சொன்னது சட்டப்படி பொய்ச்சாட்சி. அதற்கு என்ன தண்டனை என்று அவரைக் கேட்க எனக்குக் கடைசிவரை மனசு வரவில்லை. அவ்வளவு பிடித்துப்போயிருந்தது அந்த மனிதரை.