டவுட்டுக்கு ஒரு வரிசை மல்லாட்டை

விருத்தாசலத்தில் பிறந்தவர்களிலேயே தன் பிறந்த தேதியைக்கூட நம்பாத ஒரே ஆள் டவுட்டுதான். கேட்டால், "அன்னிக்கி நான் காலண்டர் பாக்கலியே" என்பான். அவனுக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று உண்டு. கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே அதை எல்லோரும் மறந்துவிட்டோம்.

வகுப்பில் வருகைப் பதிவு எடுக்கும்போது எழுந்து நின்று, "இருக்கறேன்னுதான் நெனைக்கிறேன் சார்" என்பான். பேராசிரியர் முதலில் கோபப்பட்டார், பிறகு பழகிக்கொண்டார். ஒருநாள் அவன் நிஜமாகவே வரவில்லை. அவர் "இல்லைன்னுதான் நினைக்கிறேன்" என்று முணுமுணுத்தபடி ஆப்சென்ட் போட்டார்.

பஸ்ஸில் அவனோடு போவது தனி அனுபவம். வேப்பூர் என்று பலகை மாட்டியிருக்கும். டிரைவரிடம் வேப்பூர் போகுமா என்று கேட்பான். கண்டக்டரிடம் கேட்பான். உட்கார்ந்திருக்கிற பெரியவரிடமும் கேட்பான். ஒரு கண்டக்டர் பொறுமையாகச் சொன்னார்: "தம்பி, நான் வேலைக்கி வந்ததுலேர்ந்து இந்த பஸ்ஸு வேப்பூருதான் போவுது. இன்னிக்கி உனக்காக எங்கியாவது திருப்பணுமா, சொல்லு."

இப்படிப்பட்டவனை எங்கள் குழுவில் போட்டார்கள். நாங்கள் கடைசி வருடம் படித்தபோது கல்லூரியில் ஒரு புதுத் திட்டம் வந்தது. வேறு வேறு துறை மாணவர்கள் ஒரு குழுவாகச் சேர வேண்டும். ஊரில் நிஜமாக இருக்கிற ஒரு சிக்கலை எடுத்துத் தீர்க்கப் பார்க்க வேண்டும். அதுதான் ப்ராஜெக்ட். இயற்பியலிலிருந்து டவுட்டு, விலங்கியலிலிருந்து கலைச்செல்வி, கணிதத்திலிருந்து அந்தோணி, வேதியியலிலிருந்து நான்.

சிக்கலைக் கலைச்செல்வி கொண்டுவந்தாள். கருவேப்பிலங்குறிச்சியில் அவளுடைய பெரியம்மா அஞ்சலை நிலக்கடலை போடுகிறவர். எங்கள் பக்கத்தில் அதை மல்லாட்டை என்போம், அது விளைகிற புன்செய் நிலத்தைக் கொல்லை என்போம். விதைத்து முளை விடும் நேரம் மயில்கள் வந்து கிளறித் தின்றுவிடும். அந்தப் பருவத்தில் முதல் விதைப்பு முழுக்கப் போய், இரண்டாவது விதைப்புப் போட்டிருந்தார். இதுவும் போனால் அந்த வருடத்துக்கு விவசாயமே இல்லை. மயிலை அடிக்கவும் மனசு வராது. "முருகன் வாகனமாச்சே. கும்புட்டுக்குவேன், அப்பறம் கல்ல எடுப்பேன்" என்றார்.

மயிலுக்கும் வேதியியலுக்கும் உள்ள தொடர்பை நான் இரண்டு நாள் யோசித்தேன். கடைசியில் டீ வாங்கி வருவது என் துறை என்று முடிவாயிற்று.

அந்தோணியின் அப்பாவுக்குப் பீங்கான் பட்டறையில் வேலை. சூளையில் கோணிப்போன கப்புகள், காது உடைந்த கப்புகள் என்று இரண்டு சாக்கு வாங்கி வந்தான். அவற்றைக் கம்பியில் கோத்துக் கொல்லை ஓரமெல்லாம் தொங்கவிட்டோம். காற்று வந்தால் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுவென்று சத்தம். சத்தத்துக்கு மயில் வராது என்பது கணக்கு.

மயில் வரவில்லை. ஒரு வாரம் ஒரு மயில்கூட வரவில்லை. போட்டோ எடுத்தோம். கல்லூரியிலிருந்து ஒரு குழுவைச் சென்னையில் நடக்கும் போட்டிக்கு அனுப்பப் போகிறார்கள், அது நாங்கள்தான் என்று ப்ராஜெக்டைக் கவனித்துக்கொண்ட மேடம் ஏறக்குறையச் சொல்லிவிட்டார். அந்தோணி புதுச் சட்டை தைக்கக் கொடுத்தான். அஞ்சலைப் பெரியம்மா காவலை நிறுத்திவிட்டு, நிம்மதியாகக் கம்மாபுரத்தில் தங்கை வீட்டு விசேஷத்துக்குப் போக ஆயத்தமானார்.

அப்போது டவுட்டு கேட்டான்: "கப்பு சத்தத்துக்குத்தான் வரலியா, வேற எதுனாலயாவது வரலியா?"

நாங்கள் போட்டோக்களை அடுக்கிக்கொண்டிருந்தோம். அவன் நேராகப் பெரியம்மாவிடமே போனான். பாதிக் கொல்லையில் கப்புகளைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும் என்றான்.

"பாதிப் புள்ளைங்களுக்கு மட்டும் சோறு போட்டுப் பாக்கறேங்கற மாதிரி இருக்குது நீ சொல்றது" என்றார் பெரியம்மா.

அவன் நகரவில்லை. நஷ்டமானால் நானே வந்து மறுபடி விதை ஊன்றுகிறேன் என்றான். அவர் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் தானே கொல்லையைப் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னான். பேசிப் பேசி அவரைச் சம்மதிக்க வைத்துவிட்டான். அந்தோணி அவனோடு பேசுவதையே நிறுத்தினான்.

பெரியம்மா ஊருக்குப் போன மறுநாள் காலையிலேயே மயில்கள் வந்தன. கப்பு இல்லாத பாதிக்கும் வந்தன, கப்பு இருந்த பாதிக்கும் வந்தன. ஒரு ஆண் மயில் கப்புக்கு நேர் கீழே நின்று, கிணுகிணுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே முளையைக் கொத்தியது. டவுட்டு துண்டை வீசிக்கொண்டு கொல்லை முழுக்க ஓடினான். விழுந்தான், எழுந்து மறுபடி ஓடினான். போன் செய்து எங்களைக் கூப்பிட்டபோது மூச்சு வாங்கியது. பெருமைப்படுவான் என்று நினைத்தேன். "கடல போவுது, சீக்கிரம் வாங்க" என்று மட்டும்தான் சொன்னான்.

விஷயம் பிறகு தெரிந்தது. அந்த ஒரு வாரமும் பக்கத்துக் கொல்லையில் உழவு நடந்திருக்கிறது. புரட்டிய மண்ணில் புழு நிறைய. மயில்கள் அங்கே விருந்துக்குப் போயிருந்தன, உழவு முடிந்ததும் இங்கே திரும்பிவிட்டன. எங்கள் கப்புகளுக்கு அதில் ஒரு பங்கும் இல்லை. கப்புகளை நம்பி யாரும் இல்லாமல் விட்டிருந்தால் இரண்டாவது விதைப்பும் போயிருக்கும். அந்தோணி டவுட்டுக்கு ஒரு டீ வாங்கி வந்து பக்கத்தில் வைத்தான். என் துறையில் அவன் தலையிட்டதை நான் கண்டுகொள்ளவில்லை.

சென்னைக்கு வேறு குழு போயிற்று. நாங்கள் கொல்லையில் முறைபோட்டு உட்கார்ந்தோம். மயில்கள் பறந்து வந்து இறங்குவதில்லை, புதர் ஓரமாக நடந்துதான் உள்ளே வருகின்றன என்பதைக் கலைச்செல்வி கவனித்தாள். கால் உயரத்தில் ஒரு கயிறு, நெஞ்சு உயரத்தில் ஒரு கயிறு என்று கட்டினால் தடுமாறும் என்றாள். மயிலின் நெஞ்சு உயரம்தான். அந்தோணி இடைவெளிகளைக் கணக்குப் போட்டான். கயிறு தொய்யாமல் இழுத்துக் கட்டுவதை டவுட்டு பார்த்துக்கொண்டான். நான் முடிச்சுப் போட்டேன். அதில் வேதியியல் எதுவும் இல்லை.

மயில்கள் வந்தன, கயிற்றோரம் நின்று யோசித்தன, திரும்பிப் போயின. பல நாள் இப்படியே நடந்தது. நாங்கள் சந்தோஷப்படத் தயங்கி டவுட்டின் முகத்தைப் பார்த்தோம். அவன் பெரியம்மாவைப் பார்த்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் அவரே சொல்லிவிட்டார்:

"தம்பி, ஓரமா ஒரு வரிச கயித்துக்கு வெளியில வுட்டுருக்கேன். உன் சந்தேகத்தயெல்லாம் அதுல வச்சிக்க. உள்ள கை வைக்காத."

கடலை பிடுங்கும் நாளில் எங்களைக் கூப்பிட்டு அனுப்பினார். உள்ளே நல்ல விளைச்சல். வெளியே விட்ட வரிசையில் ஒரு செடிகூட மிச்சமில்லை. கயிறு வேலை செய்கிறது என்பதற்கு அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் டவுட்டு அந்த வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான். தனக்காக ஒருவர் இவ்வளவையும் இழந்திருக்கிறாரே என்று அவனுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும். முகம் சுருங்கிவிட்டது.

பெரியம்மா ஒரு பை நிறைய கடலையை அவன் கையில் திணித்தார். "அதுக்கேன் மூஞ்சிய தூக்கி வச்சிருக்கற? வேணும்னுதான வுட்டேன். அடுத்த வருசமும் ஒரு வரிச வுடறேன். வா."

அடுத்த வருடம் எங்களுக்குப் ப்ராஜெக்டும் இல்லை, கல்லூரியும் இல்லை. அந்தோணி வேலைக்குப் போயிருந்தான், எனக்கும் வேறு ஊர். விதைப்புக்கு டவுட்டு போகிறான் என்று கேள்விப்பட்டு, ஆளுக்கு ஒரு நாள் லீவு போட்டுவிட்டு நாங்கள் மூன்று பேரும் கூடப் போனோம்.