லேசாக ஒரு கை வைப்பவர்கள்

கை படைத்தவர்களில் மூன்று இனம் உண்டு. வேலை செய்கிறவர்கள் ஓர் இனம். கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கிறவர்கள் இன்னோர் இனம். இந்த இரண்டாலும் ஊருக்குப் பெரிய தொந்தரவு கிடையாது. மூன்றாவது இனம்தான் ஆபத்து. நீங்கள் ஒரு வேலையைச் செய்து முடித்து, நிமிர்ந்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு "அப்பாடா" என்று மூச்சு விடுவீர்கள் பாருங்கள், சரியாக அந்த நொடியில் வந்து நின்று, "லேசா ஒரு கை வைக்கட்டுமா?" என்று கேட்பவர்கள். கேட்பார்களே தவிர, பதிலுக்குக் காத்திருக்க மாட்டார்கள். நீங்கள் வேண்டாம் என்று வாயைத் திறப்பதற்குள் கை வைத்தாகியிருக்கும்.

இந்த இனத்தின் முழுதாக வளர்ந்த மாதிரி ஒன்றைப் பார்க்க ஆசையா? அமெரிக்காவின் ஓஹாயோ மாநிலத்தில் ஹார்லன் ஃபோர்க் என்ற ஊருக்கு அக்டோபர் மாதம் வாருங்கள். வெர்னா டட்டிலைத் தேடி அலைய வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் ஏதாவது கோணலாக இருந்தால் போதும், அவளே வந்துவிடுவாள்.

முப்பத்தோரு வருஷம் ஒரு பெரிய துணிக்கடையில், தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் நிற்கும் பொம்மைகளுக்கு உடுத்தி, கழுத்தைத் திருப்பி, முழங்கையை மடக்கி, காலரை நிமிர்த்தி வைத்தவள் வெர்னா. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாள்; பழக்கத்திலிருந்து ஓய்வு பெறவில்லை. அப்போது பொம்மைகள். இப்போது மனிதர்கள். பொம்மைகள் எதிர்த்துப் பேசியதில்லை என்பதால் மனிதர்களுக்கும் பேச்சு வராது என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அக்டோபர் கடைசி நாளில், வேஷம் கட்டிக் கொண்டாடும் ஹாலோவீன் என்ற பேய்ப் பண்டிகை வந்தால் அந்த ஊரில் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் பேய் புகும். எல்லாம் வீட்டில் கிடப்பதை வைத்துச் செய்கிற பேய்கள். கறுப்புக் காகிதத்தை மடித்து வெட்டினால் வௌவால். காலி ஜாடியில் காயத்துக்குக் கட்டும் துணியைச் சுற்றி இரண்டு கண் ஒட்டினால் எகிப்து மம்மி. வலைத்துணியைக் கஞ்சியில் முக்கி, ஊதிய பலூன் மேல் போட்டுக் காயவைத்து, பலூனை உடைத்தால் அந்தரத்தில் நிற்கும் ஆவி. குழந்தைகூடச் செய்யலாம். செய்து முடித்தால் குழந்தை செய்தது மாதிரிதான் இருக்கும். அதுதான் அதன் அழகு என்பது ஊராருடைய கட்சி. வெர்னா எதிர்க்கட்சி.

அவள் ஒரு வீட்டுக்குள் நுழையும் முறையே தனி. வாசலில் நிற்பாள். உள்ளே இரண்டடி வைத்து, ஓரடி பின்வாங்குவாள். தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடி, பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று காற்றை இழுப்பாள். பிறகு, "அடடா, பிரமாதமா இருக்கே! நீயேவா செஞ்சே?" என்பாள். முதல் வாக்கியம் பூ, இரண்டாவது அந்தப் பூவுக்குள் இருக்கும் ஊசி. அடுத்து அவளுடைய கைப்பை திறக்கும். கத்தரிக்கோல், குண்டூசி டப்பா, இரண்டு பக்கமும் ஒட்டுகிற டேப், பசையைச் சூடாக்கிப் பீச்சும் துப்பாக்கி. உலகத்தில் வேறு பெண்கள் கைப்பையில் கைக்குட்டை வைத்திருப்பார்கள்.

அடுத்த வீட்டு டாட்டி க்ரூகர் பதினெட்டு வருஷ அனுபவத்தில் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். எல்லாவற்றையும் ஒழுங்காக மாட்டிவிட்டு, ஒரே ஒரு காகிதப் பூசணியை மட்டும் வேண்டுமென்றே தலைகீழாகத் தொங்கவிடுவாள், குழந்தை கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு வைக்கிற மாதிரி. வெர்னாவின் கண் நேரே அதில் விழும். கை அதோடு தீரும். மிச்ச வீடு பிழைக்கும்.

மகள் பாட்ரிஸுக்கு அந்த சாமர்த்தியம் இல்லை. அவள் நாட்டின் மேற்குக் கோடியில் இருக்கும் ஆரெகனுக்குப் போய்விட்டாள். வேலை அங்கேதான் கிடைத்தது என்றாள். கணக்கு டீச்சர் வேலை. ஓஹாயோவில் பிள்ளைகள் கணக்கே படிப்பதில்லையாக்கும்! வெர்னாவின் கணவர் ஆர்லோ, தபால்காரராக இருந்து ஓய்வு பெற்றவர், வரைபடத்தைப் பார்த்துவிட்டு ஒரே வார்த்தை சொன்னார்: "இதுக்கு மேல போனா கடல்."

மிச்சமிருந்தது மகன் கிளின்ட். அவனும் அவன் மனைவி ஷெல்பியும் போன வசந்தத்தில்தான் பதினொரு நிமிஷ தூரத்தில் வீடு வாங்கினார்கள். ஷெல்பிக்குக் கால்நடை ஆஸ்பத்திரியில் வேலை. கடிக்கிற நாயையும் பிறாண்டுகிற பூனையையும் குரலை உயர்த்தாமல் அடக்குகிறவள். ஹாலோவீனன்று ஆஸ்பத்திரிக்காரர்களை வீட்டுக்கு அழைத்திருந்தாள். அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை மாமனார் மாமியாரைச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாள். ஒரே ஒரு நிபந்தனை. அதை ஆர்லோ காரில் போகும்போது சொன்னார்.

"பையைக் கார்லயே வெச்சுட்டு வரச் சொன்னாங்க."

"யாரு?"

"கிளின்ட் போன் பண்ணான். பின்னால இருந்து ஷெல்பி சொல்லிக்கொடுத்தா."

வெர்னா முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். "நான் என்ன, திருட்டுக்கா போறேன்? உதவி பண்றவளுக்கு இந்தக் காலத்துல இதான் மரியாதை" என்றாள். நிஜமாகவே மனம் நொந்துபோனாள். நொந்த மனத்தோடு, ஆர்லோ காரை நிறுத்தித் திரும்புவதற்குள், கத்தரிக்கோலையும் டேப்பையும் கோட்டுப் பாக்கெட்டுக்கு மாற்றினாள்.

வீட்டுக்குள் நுழைந்ததுமே வெர்னா 'ஸ்ஸ்' என்று காற்றை இழுத்தாள். சாப்பாட்டு அறைச் சுவர் முழுக்க வௌவால்கள். ஒன்றுக்குக் காது பெரிசு. ஒன்றுக்கு வயிறு தொங்குகிறது. ஒன்று வௌவாலா வாத்தா என்று அதற்கே சந்தேகம். பதினாறு. இரட்டைப்படை! எந்த மடையனாவது அலங்காரத்தில் இரட்டைப்படை வைப்பானா? வெர்னா சோளரொட்டியைக் கடித்துக்கொண்டாள். பீன்ஸும் மாட்டிறைச்சியும் காரமாக வேகவைத்த குழம்பை எல்லாரும் ரசித்துச் சாப்பிட்டார்கள். அவள் மட்டும் சொறியக் கூடாத இடத்தில் அரிப்பு வந்தவள் மாதிரி நாற்காலியில் நெளிந்தாள்.

"உடம்பு சரியில்லையா, வெர்னா?" என்று கேட்டாள் ஷெல்பி.

"நல்லாத்தான் இருக்கேன். அந்த மூணாவது வௌவால்..."

"குழம்பு இன்னும் கொஞ்சம்?" என்றாள் ஷெல்பி, புன்னகை மாறாமல்.

சாப்பாடு முடிந்து, ஷெல்பி நாயை வெளியே உலாவக் கூட்டிப் போனாள். ஆர்லோவும் கிளின்ட்டும் முன்னறையில் பந்தாட்டம் பார்க்க உட்கார்ந்தார்கள். வெர்னா கை கழுவப் போவதாகச் சொன்னாள். கழுவவும் செய்தாள். திரும்பி வரும் வழியில் ஒரு மம்மி ஜாடியின் கண் கன்னத்தில் இருந்தது. அதை மேலே ஏற்றினாள். அவ்வளவுதான். அதோடு நிறுத்தியிருப்பாள். ஆனால் ஜாடிக்கு நேர் மேலே வௌவால். காது பெரிசு. கோட்டுப் பாக்கெட்டிலிருந்து கத்தரிக்கோலை எடுத்து வந்து லேசாக நறுக்கினாள். ஒன்றை நறுக்கியபின் பக்கத்து வௌவால் அசிங்கமாகத் தெரியாதா? அதற்கு வயிற்றைக் குறைத்தாள். குறைத்ததும் அடுத்தது குண்டாகத் தெரிந்தது. இப்படி ஒன்று ஒன்றாக வேலை கொடுத்துக்கொண்டே போயின, அவள் மேல் என்ன தப்பு? கால்மணி நேரத்தில் சுவரில் ஒரே அச்சில் வார்த்த பதினைந்து வௌவால்கள் மூன்று மூன்றாகப் பறந்தன. பதினாறாவது, அந்த வாத்து, குப்பைத்தொட்டியில் இருந்தது.

திருப்தியாக அண்ணாந்து பார்த்தாள். மேல் மூலையில் ஒரு சிலந்தி வலை. அதற்கு நாற்காலி வேண்டியிருந்தது.

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டு கிளின்ட் வந்து எட்டிப் பார்த்தான். "அம்மா, எதுக்கு மேல ஏறி நிக்கறே?"

"இதைப் பாரு. இதென்ன வலை? பஞ்சைப் பிச்சு இழுத்து ஒட்டினாலே இதைவிட நல்லா வரும். ஒரு பக்கம் அறுந்து தொங்குது, நடுவுல ஓட்டை, அளவே இல்ல. உலகத்துல எந்தச் சிலந்தியாவது இப்படிப் பின்னுமா?"

"பின்னால வருது, நீயே கேளு" என்றான் கிளின்ட்.

வலையின் சொந்தக்காரர் எட்டுக் காலையும் எடுத்து வைத்து, யார் இந்தக் குறை சொல்கிறவள் என்று பார்க்க வெளியே வந்தார். வெர்னா போட்ட அலறலில் ஆர்லோவின் காப்பி சட்டையில் கொட்டியது. அவர் அதைத் துடைக்கக்கூட முடியாமல் சிரித்தார். கிளின்ட் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "சிலந்திக்கே பாடம் எடுத்துட்டியேம்மா!"

நாயோடு உள்ளே வந்த ஷெல்பி சிரிக்கவில்லை. அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எது நான் செஞ்சது, எது கிளின்ட் செஞ்சதுன்னு எனக்கே தெரியல" என்றாள் மெதுவாக. "போன வாரம் ரெண்டு பேரும் தரையில உக்காந்து, யாரோடது அசிங்கமா இருக்குன்னு போட்டி போட்டு வெட்டினோம். கல்யாணமாகி நாங்க அவ்வளவு சிரிச்சதில்ல."

கிளின்ட்டின் சிரிப்பு நின்றது. குப்பைத்தொட்டிக்குள் குனிந்து வாத்தை எடுத்தான். அது கசங்கி இருந்தது.

"லேசாத்தான்..." என்று ஆரம்பித்தாள் வெர்னா.

"அம்மா, நான் ஒண்ணாங் கிளாஸ்ல செஞ்ச காகிதப் பூசணி முகம்னு வருஷா வருஷம் உன் சமையலறையில மாட்டுவியே, ஞாபகம் இருக்கா?"

"பின்ன? பொக்கிஷமா வெச்சிருக்கேன்."

"அது நான் செஞ்சதில்ல. நான் செஞ்சதுக்கு ஒரு கண்ணு நெத்தியில, ஒரு கண்ணு தாடைகிட்ட. பள்ளிக்கூடத்துலேர்ந்து கொண்டுவந்து குடுத்தேன். மறுநாள் பாத்தா வேற பூசணி தொங்குது. டீச்சர் வந்தப்ப, உன் பையனுக்கு என்ன கைன்னு பாராட்டினாங்க. நீ சந்தோஷப்பட்டே. நான் அதுக்கப்புறம் எதையும் வீட்டுக்குக் கொண்டுவரல. நீ கவனிக்கவே இல்ல."

ஆர்லோ அவளுடைய கோட்டை எடுத்து வந்தார். காரில் அவர் தெருவை மட்டும் பார்த்து ஓட்டினார். திட்டியிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

நான்கு நாள் போன் வரவில்லை. வெர்னா முதல் நாள் கோபப்பட்டாள். இரண்டாம் நாள் டாட்டியிடம் மருமகளைப் பற்றிச் சொன்னாள். டாட்டி "ம்" என்பதற்கு மேல் எதுவும் சொல்லாததைப் பார்த்து மூன்றாம் நாள் யாரிடமும் பேசவில்லை. வரைபடத்தில் ஆரெகன் இருக்கும் இடம் அவளுக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பக்கம் மகனும் வாங்க இன்னும் நிறைய வீடுகள் விற்பனைக்கு இருக்கும்.

நான்காம் நாள் காலை, பரணிலிருந்து இறக்கிய பெட்டியைத் திறந்து அந்தப் பூசணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தாள். ஆரஞ்சுக் காகிதத்துக்குப் பின்னால் இன்னொரு காகிதம் தெரிந்தது. கெட்டிலில் வந்த ஆவியில் காட்டிக் காட்டி, நகத்தால் உரித்தாள். தன் அழகான முகம் கழன்று வந்தது. உள்ளே, இருபத்தாறு வருஷமாகப் பசைக்கடியில் மூச்சுமுட்டிக் கிடந்த பூசணி, நெற்றியில் ஒரு கண்ணும் தாடையில் ஒரு கண்ணுமாக அவளைப் பார்த்து இளித்தது. வெர்னா அடுப்படியில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து அழுதாள். மூக்கைத் துடைத்துக்கொண்டு, அதை எடுத்துக்கொண்டு, மகன் வீட்டுக்குக் கிளம்பினாள்.

இந்த இடத்தில் கதை முடிந்திருந்தால் அவளைத் தெய்வமாக்கியிருக்கலாம். ஆனால் கிளம்புமுன் ஒன்று செய்தாள். பூசணியின் ஓரம் பிசிறுபிசிறாக இருந்ததா...

வியாழக்கிழமை ஷெல்பிக்கு லீவு. கதவைத் திறந்தாள். பூசணியை வாங்கி நெடுநேரம் பார்த்தாள். விரலால் ஓரத்தைத் தடவினாள்.

"இந்த ஓரம் மட்டும் புதுசா வெட்டினாப்பல இருக்கே?"

வெர்னா அவள் தோளுக்கு மேலாகச் சாப்பாட்டு அறைக் கூரையைப் பார்த்தாள். சிலந்தி அங்கேதான் இருந்தது.

"உள்ள வாங்க" என்றாள் ஷெல்பி. மேஜையில் கறுப்புக் காகிதத்தையும் கத்தரியையும் வைத்தாள். "ஒரு வௌவால் வெட்டுங்க. உங்க இஷ்டப்படி."

மன்னிப்பு இவ்வளவு சுலபமா என்று வெர்னா உற்சாகமாக உட்கார்ந்தாள். காகிதத்தை மடித்து, நாக்கை ஓரமாக நீட்டி, நகம் அளவு காது, நூல் பிடித்த இறக்கை, கடைகளில்கூடக் கிடைக்காத ஒரு வௌவாலை வெட்டி நீட்டினாள்.

"ரொம்ப அழகா இருக்கு, வெர்னா. நீங்களேவா செஞ்சீங்க?" என்ற ஷெல்பி, நாய்க்கு நகம் வெட்டுகிற நிதானத்தோடு இடது இறக்கையில் பாதியை 'சரக்' என்று நறுக்கினாள். "லேசாத்தான்."

வெர்னா மேஜையில் விழுந்த துண்டை வெடுக்கென்று பொறுக்கினாள். அறுபத்திரண்டு வயதில், தான் செய்த ஒரு பொருளில் அடுத்தவர் கத்தரி விழுந்தது அதுதான் முதல் தடவை. ஒரு காகிதத்துக்கு இப்படி வலிக்குமா? கண்ணில் தண்ணீர்கூட வந்துவிட்டது. ஷெல்பி பார்க்காதது போல எழுந்து, அந்தப் பாதி இறக்கை வௌவாலைச் சுவரில் ஒட்டினாள். பக்கத்திலேயே பூசணி. "நாளைக்கு வாங்க. பையில்லாம" என்றாள். கோட்டுப் பாக்கெட்டையும் தட்டிப் பார்த்துத்தான் அனுப்பினாள்.

ஹாலோவீனன்று வெர்னா வெறுங்கையோடு வந்தாள். கிளின்ட் பூசணியைப் பார்த்தான்; அம்மாவின் தோளைப் பிடித்து ஒருமுறை அழுத்தினான். அவளுக்கு அது போதுமாக இருந்தது. ஷெல்பியின் ஆஸ்பத்திரி டாக்டர், நல்ல மனிதர், கடற்கொள்ளைக்காரர் வேஷத்தில் ஒரு கண்ணைக் கட்டிக்கொண்டு வந்திருந்தவர், சுவரருகே நின்று, "இந்த வௌவாலுக்கு ஒரு இறக்கை குட்டையா இருக்கே. ஒரு துண்டுக் காகிதம் இருந்தா நான் லேசா..." என்று கையை நீட்டினார்.

"கையை எடுங்க!" என்று வெர்னா போட்ட சத்தத்தில் பேய்களே திடுக்கிட்டன. "அது அப்படித்தான். தொட்டீங்க, தெரியும் சேதி!"

திருந்திவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? மறுநாள் காலை தேவாலயத்துக் கூடத்தில் யாரோ அடுக்கிய பூச்சாடிகளை அவள் இடம் மாற்றிக்கொண்டிருந்ததை டாட்டி பார்த்தாள். மகன் வீட்டுச் சுவர் மட்டும் தப்பியது. ஒரு மனுஷிக்கு ஒரு சுவர். அதற்கு மேல் எதிர்பார்ப்பது பேராசை.

சரி, அவளை விடுங்கள். நீங்கள் எப்படி? இதைப் படித்துக்கொண்டு வரும்போது எங்கேயாவது, இந்த வாக்கியம் நீளம், அந்த வார்த்தை பொருந்தவில்லை, அழுத இடத்தோடு நிறுத்தியிருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும் என்று ஒரு தடவையாவது தோன்றவில்லை? பல்லிடுக்கில் 'ஸ்ஸ்' என்று காற்று இழுக்கவில்லை? கையை மேஜை மேல் வையுங்கள். இரண்டு கையையும். அந்தப் பேனாவைக் கீழே போடுங்கள்.