அப்பாவின் நெஞ்சின்மேல் ஒரு டிரவுட்

அன்புள்ள லெம்பி அத்தைக்கு,

தைமி எழுதுவது. தண்டர் பேயில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாக இருக்க வேண்டும். இங்கே நலம் என்று எழுத முடியாது.

தொலைபேசியில் ஒன்றுதான் கேட்டீர்கள். "என்னப் பத்தி ஏதாச்சும் சொன்னானா?"

இல்லை, அத்தை. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. பெரிய மீன் ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டீர்கள் என்று கூடப்பிறந்த அக்காவையே காவலரிடம் காட்டிக்கொடுத்தவர். கடைசிவரை அதே மனிதர். அடக்கத்துக்கு நீங்கள் வர வேண்டாம். வரவில்லை என்று யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

நடந்தது இதுதான். ஏரிக்கரையில் கூடாரம் போட அனுமதிச் சீட்டு, என் மீன்பிடி உரிமம், அவர் உரிமம், எல்லாம் மூன்று பிளாஸ்டிக் உறைக்குள் பத்திரமாக இருந்தன, இதய மாத்திரை மட்டும் வண்டியிலேயே கிடந்தது, அது தெரிந்தபோது படகை மூன்று ஏரி தள்ளிக் கொண்டுவந்திருந்தோம், திரும்பலாம் என்றேன், சீட்டில் இன்றைய தேதிக்கு இந்த ஏரிதான் போட்டிருக்கு என்றார், எதிர்முள் வைத்த தூண்டில் கொக்கிக்கு அங்கே அனுமதி இல்லை என்று உட்கார்ந்து ஒவ்வொரு முள்ளாகக் குறடால் நசுக்கினார், கடைசி முள் அவர் கட்டைவிரலில் ஏறியது, ரொட்டிப் பையைக் கரடி கொண்டுபோனது, "அதுக்கு சீட்டு வேண்டாம், போகட்டும்" என்றார்.

மறுநாள் காலை. காப்பி கொதித்தது. "இறக்கு" என்றார். இறக்கினேன். திரும்பினேன். அவ்வளவுதான்.

அங்கே போன் எடுக்காது. தார்ப்பாயில் சுற்றிப் படகில் கிடத்தினேன். ஏரிக்கும் ஏரிக்கும் நடுவே காட்டுப் பாதையில் இழுத்தேன். அதை எழுத மாட்டேன்.

கடைசி ஏரியில் மீன்வளக் காவலர் மறித்தார். சின்னப் பையன். கயிற்றில் கோத்திருந்த இரண்டு டிரவுட் மீன்களைப் பார்த்தார்.

"ரெண்டும் பெருசு. செப்டம்பர்ல ஆளுக்கு ஒரு பெருசுதாம்மா."

"நாங்க ரெண்டு பேரு."

தார்ப்பாயைத் தூக்கினார். தொப்பியைக் கழற்றினார்.

"இவரு எப்போ..."

"காலையில."

"மீனு?"

"நேத்து சாயங்காலம்."

நெடுநேரம் யோசித்தார். "அப்போ ஒண்ணு அவரோடதுதான். ஆனா ரெண்டும் உங்க காலடியில கிடக்கே. உங்க கைவசம்னு ஆயிடும்."

"அவரு நெஞ்சுமேல வச்சிரட்டுமா?"

"வச்சிருங்க. அப்ப சரியா இருக்கும்."

நானே வைத்தேன். காவலர் அழுதார். பிறகு எங்கள் படகைத் தன் படகில் கட்டிக் கரைவரை இழுத்துவந்தார். அப்பாவுக்கு அவரைப் பிடித்திருக்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாமாவுக்கு என் அன்பு.

உங்கள்
தைமி

பி.கு. அந்தப் பயணத்தில் நான் ஒரு மீன்கூடப் பிடிக்கவில்லை. இரண்டும் அப்பா பிடித்தவை. இரண்டாவதை அளந்தார். மறுபடி அளந்தார். ஏரியில் விடப்போகிறார் என்று நினைத்தேன். "கயித்துல கோத்துப் போடு. அக்காவுக்கு," என்றார். சட்டம் என்னாச்சு என்று கேட்டேன். "வாய மூடு. யாருகிட்டயும் சொல்லாத." மீன் என் பிரீசரில் இருக்கிறது. அடக்கம் சனிக்கிழமை. வாருங்கள், அத்தை. உங்கள் உரிமத்தையும் எடுத்துவாருங்கள். அதைப் பார்க்காமல் மீனைத் தர எனக்குக் கை வராது.