தங்க நாற்காலிகளும் வி.ஆர். கண்ணாடியும்

கணவன்மார்களே, ஆசைப்பட்ட பொருளுக்காகக் காத்திருக்கக் கற்றுக்கொள்ளுங்கள். அவசரம் மனிதனைக் கடனாளியாக்கும். காத்திருப்பு அவனைக் கண்ணியவானாக்கும். நான் கண்ணியவான்.

விளையாட்டுப் பிரியர்களுக்கான, மாட்டினால் வேறோர் உலகைக் காட்டும் வி.ஆர். கண்ணாடி முதன்முதலாகக் கெய்ரோவுக்கு வந்தபோது, அதன் விலைக்கு ஓர் எருமை வாங்கலாம். அதை இயக்கும் கணினிக்கோ எருமையின் கன்றையும் விற்க வேண்டும். நகரின் ஷுப்ரா பகுதியில் பள்ளிப் பிள்ளைகளுக்கு நன்னெறி போதிக்கும் நான் எருமைக்கு எங்கே போவேன்? ஒவ்வொரு பெருநாளுக்கும் அப்துல் அஜீஸ் தெருக் கடைக்குப் போய் விலை கேட்பேன்.

"அடுத்த வருஷம் இறங்கிடும் உஸ்தாத், இன்ஷா அல்லாஹ்!" என்பார் கடைக்காரர்.

என் தலைமுடி இறங்கியது. விலை இறங்கவில்லை. கடைசியில் இந்த ஆண்டு, கணினியே தேவைப்படாத, எளியவனுக்கேற்ற கண்ணாடி வந்து சேர்ந்தது. வாங்கினேன். குத்துச்சண்டை விளையாட்டையும் ஏற்றிக்கொண்டேன்.

குத்துவதற்குத்தான் வீட்டில் இடமில்லை. கையை வீசினால் ஒரு பக்கம் குளிர்சாதனப் பெட்டி. மறுபக்கம் என் மனைவி இன்ஷிராஹ். எதன்மேல் பட்டாலும் சேதம் எனக்குத்தான். விசாலமான இடம் ஒன்றே ஒன்று: விருந்தினர் வந்தால் மட்டும் திறக்கும் ஸாலோன் என்ற கூடம். அங்கே அவளுடைய கலியாணத்துக்கு வந்த தங்க முலாம் நாற்காலிகள், துணி போர்த்தி, சுல்தானின் வாரிசுகளைப் போல உறங்கிக்கொண்டிருந்தன. எங்கள் மகள் ருகையாவை மாப்பிள்ளை வீட்டார் பெண் கேட்டு வந்த அன்று ஒருமுறை நானும் அதில் உட்கார்ந்திருக்கிறேன்.

ஆகவே, ருகையாவின் தாய் என்று மரியாதையாக அழைத்து, நீதிக்கதை வழியாக அவளை நெருங்கினேன்.

"உம்மு ருகையா, ஓர் ஊர்ல ஒருத்தன் நல்ல தண்ணியையெல்லாம் விருந்தாளிக்குன்னு குடத்துல மூடியே வச்சான். விருந்தாளி வரவே இல்ல. அவன் தாகத்துல செத்துப்போனான்."

"அடப் பாவமே! குடம் யாருக்குப் போச்சு?"

"குடமா முக்கியம்? படிப்பினையைப் பாரு!"

"பாத்தாச்சு. என் நாற்காலி மேல கண்ணு வச்சிருக்கீங்க. எதுக்கு?"

அறம் போதிப்பவன் பொய் சொல்லலாமா? ஒருகாலும் கூடாது. ஆனால் உண்மையைக் கொஞ்சம் அலங்கரித்து அனுப்பலாம் என்று அன்று எண்ணினேன்.

"நம்ம ருகையாவைப் பாக்கத்தான். குவைத்துல அவ வீட்டுலயும் இந்தக் கண்ணாடி ஒண்ணு இருக்கு. ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டா ஒரே அறையில உக்காந்த மாதிரி. அதுக்குக் கொஞ்சம் இடம் வேணும்."

இன்ஷிராஹ் ஸாலோன் கதவைப் பார்த்தாள். மகள் மணமாகிப் போனதிலிருந்து, மொலோகியாக் கீரைக் குழம்பு பரிமாறும்போதெல்லாம் ஒரு கிண்ணம் கூடுதலாக எடுப்பாள். சத்தமில்லாமல் திருப்பி வைப்பாள். நான் ரொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

"பக்கத்துலயா, அபூ ருகையா?"

"தோளோட தோள் உரச."

மறுநாளே நாற்காலிகள் அவள் தங்கை வீட்டுக்குப் படியிறங்கின. கடைசி நாற்காலியின் கைப்பிடியை முக்காட்டு நுனியால் ஒருமுறை துடைத்துவிட்டு அனுப்பினாள். அன்பர்களே, வெற்றியும் நெஞ்சை உறுத்தும். உறுத்தலோடு கண்ணாடியை எடுத்தேன்.

"முதல்ல நான்," என்று வாங்கிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் வெறும் கூடத்தில் இரு கைகளையும் நீட்டினாள். "ருகையா! ஏண்டி இப்படி மெலிஞ்சுட்டே? மாப்பிள்ளை சோறு போடறாரா இல்லையா?"

கண்ணாடியிலிருந்து மகளின் சிரிப்பு கசிந்தது. "யம்மா, அது பொம்மைம்மா! நான் நல்லாக் குண்டாத்தான் இருக்கேன்!"

"பொம்மையானாலும் சாப்பிடணும்."

காற்றில் ஒரு கன்னத்தைத் தடவினாள். கண்ணாடிக்குக் கீழே நீர் வழிந்தது. நான் என் கைக்குட்டையால் ஒற்றினேன். வேறு வேலை எனக்கு அங்கே இல்லை.

அதன்பின் மாலைகள் எல்லாம் தாய்க்கும் மகளுக்கும் ஆயின. நான் சுவரில் இடித்துவிடாமல் அவளைக் காக்கும் காவலன் ஆனேன். ஒரு வெள்ளிக்கிழமை அவள் சமையலறையில் இருந்தபோது, தொழுகை முடித்து வந்தவன் கண்ணாடியை மாட்டி, முஷ்டியை உயர்த்தி, மேடையில் குதித்தேன்.

மேடை இல்லை. எதிரே தங்க நாற்காலிகள். சிவப்புத் திரைச்சீலை. நடுவே என் மகள்.

"வாங்க பாபா! யாரை அடிக்க வர்றீங்க?"

"இன்ஷிராஹ்! என் குத்துச்சண்டை எங்கே?"

சமையலறையிலிருந்து பூண்டு வாசனையோடு பதில் வந்தது.

"அட்டைப்பெட்டி மேல இருந்த குத்துச்சண்டைக்காரன் படத்தை நான் பாக்கலைன்னா நினைச்சீங்க? மலிவுச் சாமான், உள்ள இடம் பத்தல. அவனைக் காலி பண்ணித்தான் ருகையாவும் நானும் என் ஸாலோனை உள்ள வச்சோம்."