ஏர்கான் பிரதர் சொன்ன சாட்சி

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ச் சபையின் ஆராதனையை நட்டநடுவில் நிறுத்தும் சக்தி இரண்டுக்குத்தான் உண்டு. ஒன்று கரண்ட். அது எங்கள் ஊரில் போகாது. ஆகவே மிச்சம் இருந்தது ஏர்கான் பிரதர் மட்டும்தான்.

அவருக்கும் ஒரு பெயர் இருந்தது. அம்மா அப்பா ஆசையாக வைத்த நல்ல பெயர். சபையில் அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால் ஒரு துணிக்கடையின் மாடியில் எங்கள் சபை. கீழே சேலை வியாபாரம், மேலே இரட்சிப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏர்கான் என்கிற ஏசி மெஷின் நின்றுபோய், பாஸ்டர் ஐயாவின் கோட்டு தொப்பலாக நனைந்தபோது, அவசரத்துக்கு யாரோ கூட்டிவந்த ஆள் இவர். ஐம்பது வயது இருக்கும். ஆளுக்கு முன்னால் வயிறு வரும். ஏணி போட்டு ஏறினார். பாஸ்டர் ஐயா பிரசங்கத்தை நிறுத்தவில்லை; அவர் எதற்கும் நிறுத்துகிறவர் இல்லை. பாதியில் நிமிர்ந்து பார்த்தால், ஏணி உச்சியில் அந்த மனுஷன் ஸ்குரூடிரைவரும் கையுமாகக் கண்ணை மூடி அழுதுகொண்டிருக்கிறார். கழற்றிய மெஷினிலிருந்து தண்ணீர் கீபோர்டு வாசிக்கிற சிஸ்டர் தலையில் சொட்டிக்கொண்டிருக்கிறது.

அடுத்த ஞாயிறு மெஷின் நன்றாகத்தான் ஓடியது. ஆனாலும் வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். என்னைப் பிடித்த சனி அன்றைக்குத்தான் ஆரம்பம்.

எங்கள் சபைகளில் சாட்சி நேரம் என்று ஒன்று உண்டு. ஆண்டவர் தனக்குச் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். மைக்கைக் கொண்டுபோய் நீட்டுவதும், பேச்சு நீண்டால் தொண்டையைச் செருமி உட்கார வைப்பதும் என் ஊழியம். இதற்கு எங்கும் எழுதிவைக்காத ஒரு முறை இருக்கிறது. சொல்கிற பாவம் பழையதாக இருக்க வேண்டும். "ஒரு காலத்துல நான் பெரிய குடிகாரன்" என்று ஆரம்பித்து, "கர்த்தர் விடுவித்தார்" என்று முடிக்க வேண்டும். நடுவில் கொஞ்சம் அழலாம். சபை அல்லேலூயா சொன்னதும் உட்கார்ந்துவிட வேண்டும்.

ஏர்கான் பிரதர் எழுந்து மைக்கை வாங்கினார்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். நான் வியாழக்கிழமை குடிச்சேன்."

சபை பழக்கதோஷத்தில் "அல்லேலூயா" என்றது.

"வெள்ளிக்கிழமையும் குடிச்சேன். சனிக்கிழமை குடிக்கல. அதுக்கு ஆண்டவருக்கு நன்றி."

அவ்வளவுதான், உட்கார்ந்துவிட்டார். பாஸ்டர் ஐயா பைபிளில் எதையோ தேடுகிற மாதிரி குனிந்துகொண்டார். கூட்டம் முடிந்ததும் மாடிப்படியில் அவரை ஓரங்கட்டி, இந்த மாதிரி விஷயங்களை எப்படிச் சொல்வது என்று பக்குவமாக எடுத்துச் சொன்னேன். ரொம்ப மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்.

"பழசு முடிஞ்சுபோச்சே சிஸ்டர். இப்பதானே எனக்கு ஹெல்ப் வேணும்?" என்றார்.

 அதற்கப்புறம் வாராவாரம் வானிலை அறிக்கை மாதிரி அவருடைய சாட்சி வந்தது. திங்கட்கிழமை முதலாளியைக் கெட்ட வார்த்தையில் திட்டினேன். செவ்வாய்க்கிழமை பிரிந்துபோன மனைவிக்கு போன் பண்ணி அழுதேன், அவள் வைத்துவிட்டாள். புதன்கிழமை பைபிள் திறந்தேன், தூங்கிவிட்டேன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர்கள் காதைப் பொத்துவதா கண்ணை மூடுவதா என்று தெரியாமல் தவித்தார்கள். அதுகளோ ஏர்கான் அங்கிள் எப்போது எழுந்திருப்பார் என்று காத்துக்கொண்டிருந்தன.

பிடோக்கில் எங்கள் பொருளாளர் வீட்டில் ஜெபக்கூட்டம் நடந்த அன்றுதான் எல்லாம் வெடித்தது. மதுவின் கேட்டைப் பற்றிச் சபையில் அடிக்கடி பேசுகிறவர் பொருளாளர். அவர் மனைவி சமையலறையில் வடை போட்டு வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். எல்லாரும் கண்ணை மூடியிருக்கிறோம். ஏர்கான் பிரதர் உருக்கமாக ஜெபம் பண்ணுகிறார். போன புதன்கிழமை, பியரும் விற்கிற காப்பிக்கடையில் தன் பக்கத்து மேசையில் பாட்டிலோடு உட்கார்ந்திருந்த நம்ம பொருளாளர் பிரதரைப் பத்திரமாக வீடு கொண்டுவந்து சேர்த்ததற்காக ஸ்தோத்திரம் என்றார். கண்ணைத் திறந்து பார்த்தேன். பொருளாளர் மனைவி எனக்கு முன்னாலேயே திறந்திருந்தார். அன்றைக்கு எங்களுக்கு வடை வரவில்லை.

மறுவாரம் நானும் இருக்கிற கமிட்டி கூடி, அவர் கையில் இனி மைக் கொடுக்கக் கூடாது என்று தீர்மானம் போட்டது. என்ன பிரயோஜனம்? வாழ்நாள் முழுக்க கம்ப்ரசர் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசிய தொண்டை அது. மைக் இல்லாமல் இன்னும் தெளிவாகவே கேட்டது.

இவ்வளவுக்கும் அந்த மனுஷனுக்கு ஒரே ஒரு ஆசைதான். ஞானஸ்நானம் எடுக்க வேண்டும். ஈஸ்ட் கோஸ்ட் கடலில் வெள்ளை உடுப்போடு முங்கி எழுந்து, நானும் இந்தக் குடும்பத்தில் ஒரு ஆள் என்று சொல்லிக்கொள்ள வேண்டும். ஊரின் வடக்குக் கோடியில், மார்சிலிங்கில் ஒண்டியாகக் கிடக்கிறவருக்கு வேறு குடும்பம் இல்லை. ஆனால் எங்கள் சபையில் அதற்கு முன் பாஸ்டர் ஐயா கமிட்டி முன்னால் உட்காரவைத்து ஒரு கேள்வி கேட்பார்: பழைய வாழ்க்கையை விட்டுவிட்டீர்களா? எல்லாரும் "விட்டுட்டேன் ஐயா" என்பார்கள். இவர் மட்டும் கொஞ்சம் யோசித்து, "இன்னும் இல்ல ஐயா" என்பார். அடுத்த தடவை பார்க்கலாம் என்பார்கள். அடுத்த தடவையும் அதே பதில்தான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. "எல்லாரும் சொல்றதைச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே, பிரதர்?" என்று கேட்டேன்.

"பொய்யோட தண்ணியில இறங்குறதுக்கு எதுக்கு சிஸ்டர் நனையணும்?" என்றார்.

மூன்றாவது தடவையும் அதே கதைதான். அவரை வெளியே காத்திருக்கச் சொல்லிவிட்டு, இந்த முறையும் வேண்டாம் என்று முடிக்கப் பார்த்தார்கள். அப்போது பொருளாளர் வாயைத் திறந்தார். செத்தார் ஏர்கான் பிரதர் என்று நினைத்தேன். பொருளாளர் மேசையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அன்றைக்கு வீட்டில் நடந்த ஜெபத்துக்குப் பிறகு தான் அந்தக் காப்பிக்கடைப் பக்கம் போகவில்லை என்றார். ஏர்கான் பிரதர் சொல்லியிருக்காவிட்டால் இன்னும் போய்க்கொண்டுதான் இருந்திருப்பேன், மதுவிலக்கும் பேசிக்கொண்டுதான் இருந்திருப்பேன் என்றார். ஏர்கான் பிரதரை உள்ளே கூப்பிட்டு ஞானஸ்நானத்துக்குத் தேதி சொன்னார்கள்.

ஞானஸ்நானத்தன்று அலை கொஞ்சம் அதிகம். கரையில் நாங்கள் பாடிக்கொண்டிருக்கிறோம். இடுப்பளவு தண்ணீரில் பாஸ்டர் ஐயா, பழக்கத்தில், பழைய வாழ்க்கையை விட்டுவிட்டீர்களா என்று கேட்டுவிட்டார். கேட்ட பிறகுதான் யாரைக் கேட்டோம் என்று அவருக்கே உறைத்தது. பாட்டு நின்றுவிட்டது.

"இன்னிக்குக் குடிக்கல ஐயா," என்றார் ஏர்கான் பிரதர். "நாளைக்குத் தெரியாது."

 எதற்கும் பிரசங்கத்தை நிறுத்தாத பாஸ்டர் ஐயா, அன்றைக்குச் சொல்லவேண்டிய வசனத்தை விட்டுவிட்டு அவர் தோளில் கை வைத்தார்.

"நாளைக்கு எனக்கும் தெரியாது, பிரதர்," என்று சொல்லி, அவரைப் பிடித்துத் தண்ணீரில் முக்கி எடுத்தார்.

இதோடு கதை முடிந்திருந்தால் எனக்கு நிம்மதி. அடுத்த ஞாயிறு அவர் வரவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. போனை எடுக்கவில்லை. சாட்சி நேரத்தில் எல்லாரும் முறைப்படி பழைய பாவங்களைச் சொல்லி அழகாக உட்கார்ந்தார்கள். ஆராதனை குறித்த நேரத்தில் முடிந்தது. இத்தனை நாள் எதற்கு ஏங்கினேனோ அது கிடைத்தது, ஆனால் எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது.

மூன்றாவது ஞாயிறு காலையில் சபைக்குப் போகாமல் மார்சிலிங்குக்கு ரயில் ஏறினேன். எம்ஆர்டியில் அந்தக் கோடிக்குப் போவதென்றால் சும்மாவா? கதவைத் தட்டினேன். கசங்கின பனியனோடு வந்து திறந்தார். ஞானஸ்நானம் எடுத்த வாரமே குடித்துவிட்டாராம்.

"வெள்ளை உடுப்பு போட்டுட்டேன் சிஸ்டர். இனிமே எந்த மூஞ்சியோட எழுந்து நின்னு சொல்றது?" என்றார். அவர் தலை குனிந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

எனக்கு வந்ததே கோபம். ஊரில் உள்ள அத்தனை பேருக்கும் இருக்கிற மூடிமறைக்கிற வியாதி கடைசியில் இந்த ஆளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டதே என்றுதான் கோபம்.

"சட்டையை மாட்டுங்க," என்றேன். "நீங்க வராம சபையில எல்லாரும் பரிசுத்தவான் ஆயிட்டாங்க. தாங்க முடியல லா."

உள்ளே போய்ச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். மார்சிலிங்கிலிருந்து எங்கள் சபை இருக்கிற லிட்டில் இந்தியா வரைக்கும், ரயிலில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி, அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் போலிருந்தது.