எஞ்சின் பத்தாதவர்கள்

கரிசல் சீமையில் மழை குறையும், மகசூல் குறையும், டவுன் பஸ்கூடக் குறையும். எந்த வருஷமும் குறையாமல் பெருகிவரும் இனம் ஒன்று உண்டு. அதற்கு யாரும் இதுவரை பெயர் வைக்காததால் நானே வைத்துவிடுகிறேன்: எஞ்சின் பத்தாதவர்கள். டீக்கடை முன்னால் யாருடைய டிராக்டராவது நின்றால் போதும், அதைச் சுற்றி வந்து, டயரை ஓர் உதை உதைத்து, பானட்டில் காதை வைத்துக் கேட்டு, பெரிய டாக்டர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு, "வண்டி நல்ல வண்டிதான். எஞ்சின்தான் பத்தல" என்று சொல்கிறாரே, அவர் இந்த இனம். கல்யாண வீட்டில் தாலி கட்டும் நேரத்தில் இவரைத் தேடினால் மண்டபத்துக்குப் பின்னால் ஜெனரேட்டர் பக்கத்தில் கிடைப்பார். இவர் செல்போனில் பார்ப்பதெல்லாம் பஞ்சாபில் இரண்டு டிராக்டர்களை முதுகுக்கு முதுகு சங்கிலியால் பிணைத்து இழுக்கவிடும் வீடியோ. பார்க்கும்போது இவர் உடம்பும் தானாகப் பின்னால் சாயும்.

இத்தனை விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? அந்த ஆளுக்குத் தினமும் காலையில் கண்ணாடி முன்னால் நின்று நான்தான் சவரம் செய்துவிடுகிறேன்.

என் பெயர் மந்திரமூர்த்தி. கழுகுமலை போகிற வழியில், நிற்பதா வேண்டாமா என்று பஸ் டிரைவர் யோசிக்கிற ஊர். அப்பா வாங்கிய பழைய சிவப்பு டிராக்டர் ஒன்று என்னிடம் இருந்தது. அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. சாவியைத் திருகினால் கிளம்பும். ஐந்து கலப்பையை மாட்டினால் உழும். நிறுத்தினால் நிற்கும். ஒரு குறையும் சொல்ல முடியாத இப்படிப்பட்ட வண்டியை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் எத்தனை காலம்தான் பொறுத்துப்போவான், நீங்களே சொல்லுங்கள்.

பொறுமை உடைந்தது ஒரு மேட்டில். டிரெய்லர் நிறைய எருக்குப்பை ஏற்றி ஊர்ந்துகொண்டிருந்தேன். ரேணுகாதேவி மதினி தன் சின்ன டிராக்டரில் என்னை முந்திக்கொண்டு போனார். என் பெரியப்பா மகனின் மனைவி. அண்ணன் துபாயில் இருப்பதால் விவசாயம் முழுக்க மதினி கையில்தான். போகிறபோக்கில் எனக்குக் கையசைத்தார். மரியாதைக்குத்தான். ஆனால் அந்தக் கை என் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. நான் சுமையோடு போனேன், அவர் வெறும் வண்டியில் போனார் என்கிற நியாயம் வீடு வந்து சேர்ந்த பிறகுதான் ஞாபகத்துக்கு வந்தது. வந்த நியாயத்தை நான் வீட்டுக்குள் விடவில்லை.

மறுநாளே கோவில்பட்டியில் பூவனலிங்கத்தின் பட்டறைக்குப் போனேன். அவரும் நம் இனம்தான். ஆனால் அதையே தொழிலாக வைத்திருப்பவர். கழித்துப்போட்ட லாரி ஒன்றின் ஆறு சிலிண்டர் எஞ்சின் அங்கே ஒரு மூலையில் படுத்திருந்தது. பார்த்தவுடனே எனக்குப் பெண் பார்த்து முடித்த மாதிரி ஆகிவிட்டது.

"லிங்கம், இதை நம்ம டிராக்டர்ல வைக்க முடியுமா?"

"போட்டுரலாம் அண்ணாச்சி."

"நீளம் சாஸ்தியா இருக்கே?"

"பானட்டை வெட்டிருவோம்."

"முன்பக்கம் கனமாயிருமே?"

"அச்சை மாத்திருவோம்."

"இதுக்கு முன்ன யாருக்காவது போட்டிருக்கீரா?"

"நீங்கதான் முத ஆளு அண்ணாச்சி."

அதை நான் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்தது. எஞ்சின் உட்கார இடமில்லையென்று பானட்டை வெட்டினோம், சூடு தாங்காதென்று ரேடியேட்டரைப் பெரிதாக்கினோம், ரேடியேட்டர் பெரிதானதால் முன்னால் நீட்டிக் கம்பி வைத்துக் கட்டினோம், டீசல் டேங்கை எஞ்சின் தலைக்கு மேலேயே ஏற்றினோம், புகைபோக்கியை மில் புகைபோக்கி உயரத்துக்கு நிமிர்த்தினோம். கடைசியில் பழைய வண்டியில் மிச்சம் இருந்தது பின்சக்கரங்களும், சீட்டும், என் அப்பா ஒட்டிய முருகன் படமும்தான். ஒரு விஷயத்தை மட்டும் நாங்கள் பெரிதாக நினைக்கவில்லை. லாரிக்கு இருப்பதுபோல் டிராக்டருக்கு அடியில் சட்டம் கிடையாது. எஞ்சினும் கியர்பாக்ஸும் ஒன்றோடொன்று முடுக்கப்பட்டு, அவையே வண்டிக்கு முதுகெலும்பாக நிற்கும். அந்த முதுகெலும்பின் நடுவில் நாங்கள் ஓர் இரும்புத் தகட்டை வைத்து, இரண்டு பக்கமும் போல்ட் அடித்து, ஒரு டீயும் குடித்தோம்.

இதையெல்லாம் நான் தினமும் சாப்பிடும்போது என் மனைவி சந்தனமாரிக்கு விளக்கினேன். எஞ்சின் எப்படி டீசலைக் குடிக்கிறது, எப்படிக் காற்றை இழுக்கிறது, காற்று வராவிட்டால் எப்படி மூச்சு முட்டி நின்றுபோகும் என்றெல்லாம் சோற்றில் குழி பறித்துக் காட்டுவேன். அவள் ரசத்தை ஊற்றி அந்தக் குழியை மூடுவாள்.

"ஏங்க, நம்ம நிலம் எங்கயும் ஓடியா போவுது? இம்புட்டு வேகமா வெரட்டிட்டுப் போறதுக்கு?" என்று ஒருநாள் கேட்டாள்.

"வேகம் இல்லட்டி, இழுவை. இழுவை வேற, வேகம் வேற."

"சரி, இழுங்க."

வண்டி ஊருக்கு வந்த நாளை எப்படிச் சொல்வேன்! வண்டி வருவதற்கு முன் சத்தம் வந்தது. ஆடுகள் சிதறின. டீக்கடையில் எல்லோரும் எழுந்து நின்றார்கள். பயத்தில் எழுந்தார்களா, மரியாதையில் எழுந்தார்களா என்று நான் ஆராயவில்லை. நம் இனத்தார் நாலைந்து பேர் கூடி வந்து, சுற்றிப் பார்த்து, காது வைத்துக் கேட்டு, "இப்பம் சரி" என்றார்கள். அன்று சாப்பாடே எனக்கு வேண்டியிருக்கவில்லை.

புரட்டாசி கடைசியில் நல்ல மழை பெய்தது. கரிசல் மண் ஈரத்தை விட்டுப் பதத்துக்கு வர, ஊரே உளுந்து விதைக்க இறங்கியது. எங்கள் காட்டில் சந்தனமாரி விடிந்ததும் விதையைத் தூவி முடித்துவிட்டாள். தூவிய விதையை உடனே உழுது மூடாவிட்டால் மயில்கள் வந்து பந்தி உட்கார்ந்துவிடும். நான் போனேன். ஐந்து கலப்பையோடு போனால் ஆறு சிலிண்டருக்கு என்ன மரியாதை? ஒன்பது கலப்பையை வாடகைக்கு எடுத்து மாட்டிக்கொண்டு போனேன்.

முதல் சால் வெண்ணெயில் கத்தி இறங்கினதுபோல் போனது. வரப்பில் நின்ற சந்தனமாரிகூடச் சிரித்தாள். அடுத்த சாலில், தண்ணீர் கட்டியிருந்த ஒரு பள்ளத்தில் முன்சக்கரங்கள் கனம் தாங்காமல் இறங்கின. புத்தியுள்ளவன் கலப்பையைத் தூக்கிவிட்டு வண்டியைப் பின்னால் எடுப்பான். எங்கள் இனத்துக்கு அந்த வித்தை தெரியாது. நான் ஆக்சிலரேட்டரைக் கடைசிவரை அமுக்கினேன்.

டமார் என்று ஒரு சத்தம். தகடு வைத்த இடத்திலேயே வண்டி இரண்டாக உடைந்தது. முன்பாதி எஞ்சினோடு சேற்றில் குப்புற விழுந்தது. பின்பாதி மூக்கைத் தரையில் குத்த, நான் சீட்டிலிருந்து வழுக்கி இரண்டு பாதிக்கும் நடுவில் சேற்றுக்குள் உட்கார்ந்தேன். எஞ்சின் நிற்கவில்லை. இழுக்க ஒன்றும் இல்லாத விடுதலையில் அது பேய்க்கூச்சல் போட்டது. அதை நிறுத்துகிற கம்பி அறுந்து என் கையோடு வந்திருந்தது. எஞ்சினின் பின்னால் பெரிய சக்கரம் ஒன்று என் முழங்காலுக்குப் பக்கத்தில் மூடியில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. எழுந்திருக்கப் பார்த்தேன். கரிசல் சேறு என் இடுப்பை விடவில்லை. அப்போதுதான் முதல்தடவையாக அந்த எஞ்சின் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

சந்தனமாரி ஓடிவந்தாள். கையில் விதை தீர்ந்த சாக்கு. அதைப் பள்ளத்துத் தண்ணீரில் முக்கி, சுருட்டி, எஞ்சின் காற்றை இழுக்கும் குழாய் வாயில் இரண்டு கையாலும் அழுத்தினாள். எஞ்சின் ஒரு குலுக்கு குலுக்கியது, கறுப்பாகத் துப்பியது, மூச்சு முட்டியது, அடங்கிப்போனது. காடு அமைதியானது. நான் சோற்றில் பறித்த குழி எதுவும் வீண்போகவில்லை.

எஞ்சின் நின்ற பிறகும் அவள் சாக்கிலிருந்து கையை எடுக்கவில்லை.

"நின்னுபோச்சுட்டி," என்றேன்.

"உங்களுக்கு ஒண்ணுன்னா," என்றாள், குரல் உடைந்து, "நான் இந்த எஞ்சினையா கட்டிப் பிடிச்சுக்கிட்டு அழுவேன்?"

அவளே என் கையைப் பிடித்து இழுத்துச் சேற்றிலிருந்து எடுத்தாள். அந்த இழுவைக்கு முன்னால் ஆறு சிலிண்டர் ஒன்றுமில்லை.

காட்டு ஓரத்தில் மயில்கள் வந்து வரிசையாக நின்றுவிட்டன. அந்த நேரத்தில்தான் ரேணுகாதேவி மதினி தன் சின்ன டிராக்டரில், ஐந்து கலப்பையோடு வந்தார். தன் காட்டு விதைப்பைப் பாதியில் நிறுத்திவிட்டு வந்திருந்தார். கேலி செய்வார், பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கிக்கொள்ளலாம் என்று தயாராக இருந்தேன். அவர் இறங்கி, என்னை மேலும் கீழும் பார்த்து, "அடி ஒண்ணும் படலையே?" என்று மட்டும் கேட்டார். பிறகு காட்டைப் பார்த்தார்.

"கொழுந்தனாரே, நடுவுல கெடக்கது அப்படியே கெடக்கட்டும். நான் சுத்தி உழுதுக்கிடுதேன்."

உழுதார். பொழுது சாய்வதற்குள் விதை முழுக்க மண்ணுக்குள் போய்விட்டது. கேலி செய்திருந்தால் எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும். உளுந்து முளைத்தபோது காடு முழுக்கப் பச்சையாகவும், நடுவில் மட்டும் ஒரு வட்டம் சொட்டையாகவும் இருந்தது. மெயின் ரோட்டில் பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

பூவனலிங்கம் வந்தார். காட்டிலிருந்து வீட்டு வாசலுக்கு இழுத்து வந்து போட்டிருந்த பாகங்களை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, துக்க வீட்டில் பேசுகிற குரலில் சொன்னார்:

"எஞ்சின் மேல குத்தமே இல்ல அண்ணாச்சி. கியர்பாக்ஸ்தான் பத்தல. பெருசாப் போட்டுரலாம்."

சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "எம்புட்டுப் பெருசா?" என்று வந்துவிட்டது.

அடுப்படியில் ஏதோ பாத்திரம் ஓங்கி வைக்கப்பட்டது. பூவனலிங்கம் காபியைக்கூட முழுசாகக் குடிக்காமல் கிளம்பிவிட்டார். கழற்றிப்போட்ட பழைய எஞ்சின் வீட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் கிடந்தது. அதையே துடைத்து, பழைய கியர்பாக்ஸ் ஒன்றைத் தேடி வாங்கி, திரும்ப மாட்டியாயிற்று. இப்போது உழுகிறது, நிற்கிறது. சந்தனமாரி நிம்மதியாக இருக்கிறாள். நானும் இருப்பதாகத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களிடம் டிராக்டர் இல்லை, கரிசல் காடு இல்லை, உங்களுக்கு இந்த நோய் வராது என்ற தைரியம். நல்லது. ஒன்றே ஒன்று கேட்கிறேன். வண்டி இரண்டாக உடைந்து நான் சேற்றில் உட்கார்ந்ததைப் படித்தபோது உங்கள் மனசு எங்கே போனது? "ஐயோ, ஆளுக்கு என்ன ஆச்சு?" என்று என் பக்கம் வந்திருந்தால் நீங்கள் பிழைத்தீர்கள். "தகட்டை இன்னும் கொஞ்சம் தடிமனாகப் போட்டிருந்தால் தாங்கியிருக்குமோ?" என்று ஒரு நொடி யோசித்திருந்தால், இந்தப் பக்கத்தை வீட்டில் யாரும் பார்ப்பதற்குள் மூடி வைத்துவிட்டு, சத்தமில்லாமல் எனக்கு ஒரு போன் போடுங்கள். எத்தனை தடிமன் என்று நாம் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.