முப்பத்தோராம் எண் எலி

ஓடுகிற எலிக்குச் சத்தான தீனி கொடுத்தால் அதன் தொடை பருக்குமா, பருக்காதா என்ற கேள்வி இந்த நாட்டை நெடுங்காலமாக வாட்டி வந்தது. விடை காணும் பெரும் பொறுப்பைச் செஞ்சியிடம் ஒப்படைத்தார்கள். கோட்டை மலை தெரியும் தூரத்தில் தசைநல ஆய்வு நிலையம் எழுந்தது. மேளம் வந்தது, மாலை வந்தது, கடைசியில் எலிகளும் வந்தன. கேள்வி கடினமானது என்பதால் ஆய்வு இப்போது பதினோராம் ஆண்டில் நடக்கிறது.

இயக்குநர் முனைவர் ராஜாராம் தாமே ஒரு தசைநல அன்பர். விடிந்ததும் ராஜகிரி மலையில் ஏறுவார். எத்தனை அடி வைத்தார் என்பதை அவர் கைக்கடிகாரம் அவருக்குச் சொல்லும். அவர் ஊருக்குச் சொல்வார். காலையில் புரதப்பொடி, நண்பகலில் முளைகட்டிய பயறு, மாலையில் சோறு தின்பவர்களைப் பற்றிய வருத்தம்.

ஒரு தவணைக்கு எலிகள் முப்பது. பத்துக்கு ஓட்டமும் உண்டு, நல்ல தீனியும் உண்டு. பத்துக்குத் தீனி மட்டும். பத்துக்கு இரண்டும் இல்லை, சாதாரணத் தவிடு. நான்காவது பிரிவு ஒன்றும் திட்டத்தில் இருந்தது: ஓட்டம் உண்டு, தீனி இல்லை. அதற்கு மட்டும் விலங்கு நலக் குழு அனுமதி மறுத்துவிட்டது. 'பட்டினி போட்டு வேலை வாங்குவது உயிர்வதை' என்று எழுதி முத்திரையும் குத்தியிருந்தது. அந்தக் கூண்டு காலியாகவே கிடந்தது.

பதினெட்டு மாதத்துக்கு ஒருமுறை தவணை முடியும். எலிகளைக் கொன்று, தொடைத்தசையை அறுத்து, எடை போட்டு எழுதிக்கொள்வார்கள். மிச்சத்தை மீனம்பாள் பின்பக்க வேப்பமரத்தடியில் புதைப்பாள். மறுநாள் புது எலிகள் வரும். எலிகள் மாறிக்கொண்டே இருந்தன. ஒப்பந்தத் தொழிலாளி மீனம்பாள் மட்டும் மாறவில்லை. தொண்டூரிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து கூண்டு கழுவி, முட்டை வேகவைத்து, வெள்ளைக்கருவை எலிகளுக்கு ஊட்டுவாள். மஞ்சள்கரு கணக்கில் வராது என்பதால் இயக்குநர் வீட்டு நாய்க்குப் போகும். மீனம்பாள் தூக்குவாளியில் கூழ் கொண்டுவருவாள்.

ஒருநாள் இயக்குநர் ஓடும் சக்கரத்தின் மீட்டரைப் பார்த்தார்.

"இன்னா மீனம்பா, நூத்திப் பன்னெண்டுதான் காட்டுது?"

"எலி ஓட மாட்டேங்குது சார். தின்னுது, தூங்குது."

"மேலிடத்துக்கு ஒரு சக்கரத்துக்கு அஞ்சாயிரம் சுத்துன்னு அனுப்பணும். நீ சுத்து."

"நானா?"

"யாரு சுத்தறாங்கன்னு மீட்டருக்குத் தெரியுமா?"

அன்றிலிருந்து பத்துச் சக்கரங்களையும் மீனம்பாள் கையால் சுற்றினாள். எலிகள் அதைப் படுத்தபடி பார்த்தன. அறிக்கை பாராட்டுப் பெற்றது.

அந்த நேரத்தில் அதிசயம் ஒன்று நடந்தது. மீனம்பாளை நிரந்தரமாக்கும் உத்தரவு வந்தது. மருத்துவச் சான்று மட்டும் வேண்டும். டாக்டர் அவள் கையைப் பிடித்துப் பார்த்தார்.

"கைத் தசையெல்லாம் தேஞ்சு போயிருக்குது. இன்னாம்மா சாப்பிடற?"

"கூழு சார்."

"இன்னா வேலை?"

"எலிக்குப் பதிலா ஓடற வேலை."

டாக்டர் 'பணிக்குத் தகுதியற்றவர்' என்று எழுதினார். எந்த வேலை அவள் கையைத் தின்றதோ, அந்த வேலைக்குக் கை போதாது என்பது முடிவு.

சான்றிதழைப் படித்த கண்காணிப்பாளர் அன்புக்கரசியின் முகம் மலர்ந்தது. "சார், ஓட்டம் உண்டு, தீனி இல்லை. நம்ம நாலாவது பிரிவு!"

"அது மனுசியாச்சேம்மா?"

"ஆள் பதிவேட்டுல இனிமே வைக்க முடியாது, டாக்டரே எழுதிட்டாரு. எலிப் பதிவேட்டுல இடம் காலியா இருக்குது."

"வால் நீளம்னு ஒரு கட்டம் இருக்குதே?"

"'இல்லை'ன்னு போட்டுக்கலாம் சார். போன தவணையில ஒண்ணுக்குக் கதவுல மாட்டி வால் போச்சே, அதுக்கும் அப்படித்தானே போட்டோம்."

மீனம்பாளைக் கூப்பிட்டார்கள். "வேலை இருக்குமா மேடம்?" என்றாள். இருக்கும் என்றார்கள். "அப்போ இன்னா எழுதினா இன்னா" என்று கைநாட்டு வைத்தாள். பெயர் எழுதத் தெரிந்தவள்தான்; எலிப் பதிவேட்டில் கையெழுத்துக்குக் கட்டம் இல்லை.

அடுத்த மாதம் விலங்கு நலக் குழு சோதனைக்கு வந்தது. 31-ஆம் எண் எலி பட்டினியில் ஓடவிடப்படுவதைப் பதிவேட்டில் கண்டு கொதித்துப்போனது. ஒரே நாளில் உத்தரவு: தினமும் இரண்டு முட்டை, பால், வேர்க்கடலை, நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓட்டம் கூடாது, மின்விசிறி, வாரம் ஒருமுறை கால்நடை மருத்துவர்.

இதே மின்விசிறிக்காக எங்கள் ஒப்பந்தத் தொழிலாளர் சங்கத் தலைவர் கலியபெருமாள் பதினோரு ஆண்டுகளில் நாற்பத்து மூன்று மனு கொடுத்திருந்தார். 'பரிசீலனையில் உள்ளது' என்று ஒரு பதில் வந்திருந்தது. அதைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அலுவலகத்தில் மாட்டியிருந்தோம். ஆகவே சங்கம் அவசரமாகக் கூடி, காலத்துக்கேற்ற தீர்மானத்தை நிறைவேற்றியது: 'எங்களையும் எலியாக அறிவி!'

மறுநாள் காலை நிலையத்தின் வாசலிலிருந்து பெரிய சாலை வரை வரிசை. துப்புரவுத் தொழிலாளர்கள், சத்துணவு உதவியாளர்கள், முதுகலை படித்தவர்கள், உடற்பயிற்சிக் கூடத்து இளைஞர்கள்.

உள்ளே மீனம்பாள் அந்தத் தவணையின் முடிவுப் பட்டியலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மேடம், தொடை எடை போட முப்பதுதானே எழுதணும்? முப்பத்தொண்ணு எழுதிக்கீறீங்க."

"பதிவேட்டுல எத்தினி இருக்குதோ அத்தினி எழுதணும். அதான் விதி."

"என் பேரை அடிச்சிடுங்க."

"எலியை நீக்க ஒரே காரணம்தான் இருக்குது. இறப்பு."

"அதையே எழுதிக்குங்க" என்று மீனம்பாள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். வரிசையின் தலையில் நின்ற கலியபெருமாளிடம் விஷயத்தைச் சொன்னாள்.

"தோழர், பயப்படாதீங்க. தவணை முடிய இன்னும் எத்தனையோ மாசம் இருக்குது. அதுக்குள்ள போராடி அந்த விதியை எடுத்துடலாம்."

"பதினோரு வருசத்துல ஒரு ஃபேன் வாங்கிக் குடுத்தீங்களா தோழர்?"

அவருக்குப் பின்னால் நின்ற எம்.எஸ்சி. படித்த பெண், பூங்குழலி என்று பெயர், மெல்லக் கேட்டாள்: "அக்கா, ரெண்டு முட்டை தினமுமா?"

மீனம்பாள் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "தினமும்தான்" என்று சொல்லிவிட்டு, தொண்டூர் பஸ்ஸைப் பிடிக்க நடந்தாள். அவள் பஸ் ஏறுவதற்குள் பதிவேட்டில் அவள் இறந்துவிட்டாள்; அந்த இடத்தில் பூங்குழலி சேர்க்கப்பட்டாள். வரிசை ஓரடி முன்னால் நகர்ந்தது.

மாலைக்குள் செஞ்சி பஸ் நிலையம் முழுக்க எங்கள் சங்கத்தின் சுவரொட்டி: 'பதினோரு ஆண்டுப் போராட்டம்! எலியானோம்! வென்றோம்!'

வாசகம் நான் எழுதியது.